இரண்டாவது பொத்தான்

மார்ச் 9

தம்பிக்கு,

மருந்துக்கடைக்காரர் இன்று காலையில் வந்தார். வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன மாதம் இதே கூடத்தில் நின்று, கட்டிலை எந்த அறையில் போடுவது, எந்த ஜன்னலுக்கு வலை அடிப்பது என்று கைக்குழந்தையோடு நின்ற பெண்டாட்டியிடம் சண்டை போட்ட மனிதர். இன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பேங்க்ல கைய விரிச்சிட்டாங்கம்மா. வீடு வெள்ளக்கோட்டுக்குள்ள இருக்காம். கோட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு லோன் கிடையாதாம்" என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வாசல் வரை போய்த் திரும்பி, "அந்தக் கோடு போட்டதே உங்க தம்பிதானாமே?" என்று கேட்டார். ஆமாம், கூடப் பிறந்தவன்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

உனக்குப் போன் பண்ணலாம் என்றால் நீ இருக்கும் மலைமுகாமில் சிக்னல் கிடையாது. ஒரு வகையில் நல்லதுதான். போனில் நான் அழ ஆரம்பித்துவிடுவேன், நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுதினால் கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

போன வருஷ மழையில் ஆறு வீட்டுக்குள் வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் அத்தானுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்திருந்தது. கட்டில் மிதக்க ஆரம்பித்ததும் நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்டு யார் வருவது, எல்லோர் வீட்டிலும் அதே கதைதான். அன்று தலைமை ஆபீஸில் இருந்த நீ படகில் வந்தாய். உன்னைப் போல ஒன்றரை ஆள் இருக்கும் மனிதரை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தாய். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அன்று தண்ணீர் உன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வரை இருந்தது. அதையும் மறக்கவில்லை.

இனி இந்த வீடே வேண்டாம், விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம். அங்கே மேடு. ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. சேற்றை அள்ளிக் கொட்டினேன். சுவரில் இருந்த சேற்றுக்கறையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். விற்கப்போகிற வீட்டுக்கு யார்தான் அடிக்க மாட்டார்கள்? தெருவில் எல்லோரும் அடித்தார்கள்.

அப்புறம் நீ உன் ஆபீஸ் ஆட்களோடு வந்தாய், மூன்று கால் வைத்த அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு. எந்தச் சுவரிலும் கறை இல்லை, இங்கே குறிக்க ஒன்றும் இல்லை என்று அவர்கள் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். நீ குடித்தாய். டம்ளரைக் கீழே வைத்தாய். என் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அந்த இரண்டாவது பொத்தானைத் தொட்டுக் காட்டி, "இதுவரைக்கும் வந்துச்சு. நானே நின்னேன். எழுதிக்கோங்க" என்றாய். கருவியில் கண் வைத்திருந்தவர் எழுதிக்கொண்டார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அந்த ஒரு குறியால்தான் தெரு முழுக்கக் கோட்டுக்குள் போனது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

வாரத்துக்கு ஒரு தடவை அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவரும் ஜீப்பில் உன் கடிதமும் வந்தது. இங்கே நான், வயர்லெஸ்காரர், ஒரு நாய், அவ்வளவுதான் ஜனத்தொகை. நாய்க்குத்தான் எங்கள் மூவரில் கோபம் குறைவு.

என் வேலை உனக்குத் தெரியாததில்லை. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் ஒரு தொட்டி தொங்கும். அதில் உட்கார்ந்து, கையால் இழுத்து இழுத்து நடு ஆற்றுக்குப் போய், மீட்டரைத் தண்ணீருக்குள் இறக்கி, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று பார்ப்பேன். இங்கே ஓடும் தண்ணீர் உங்கள் ஊருக்கு வந்து சேர அரைநாள் ஆகும். அந்த அரைநாளை உங்களுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் இங்கே இவ்வளவு ஓடினால் அங்கே எவ்வளவு உயரும் என்று தெரிந்தால்தானே எந்தெந்தத் தெருவைக் காலி செய்வது என்று சொல்ல முடியும்? அதைச் சொல்ல உங்கள் ஊர்ப் பாலத்தில் அளவுப் பலகையும் கருவியும் வைத்திருந்தோம். போன வருஷம் ஆறு உச்சிக்கு ஏறும் முன்பே இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குமேல் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. சுவரில் இருக்கும் கறைதான் சொல்ல வேண்டும். நாங்கள் வருவதற்குள் நீங்கள் எல்லோரும் கறையைக் கழுவிப் பெயிண்டும் அடித்துவிட்டீர்கள். சின்ன வயதில் எதையாவது அளந்துகொண்டே இருப்பேன் என்று நீதான் எனக்கு 'அளவுகோல்' என்று பட்டம் வைத்தாய். கடைசியில் அந்தத் தெருவில் மிஞ்சிய ஒரே அளவுகோல் நான்தான்.

இன்னொன்று. போன வருஷம் மைக் கட்டிய வண்டி உன் தெருமுனை வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனது. அதற்காக நீ இன்னும் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். ஏன் திரும்பியது தெரியுமா? பழைய கோடு முனையோடு நின்றது. கோட்டுக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு எச்சரிக்கை கிடையாது. இப்போது கோடு உள்ளே வந்துவிட்டது, வண்டியும் வரும்.

மருந்துக்கடைக்காரருக்குக் கைக்குழந்தை இருப்பதாக நீதான் சொன்னாய். அந்தக் குழந்தையை எங்கே தூக்கி வைப்பார்கள், அலமாரி மேலேயா? உன் தலையில் இருந்து இறக்கி அவர்கள் தலையில் வைக்க என்னால் முடியவில்லை.

திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் பார்க்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ எழுதியதில் தப்பு என்று ஒரு வரிகூட இல்லை. உன் கடிதத்தில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

ஆபத்தான வீடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய். நல்லது. அந்த ஆபத்தான வீட்டை விட்டுப் போகத்தானேடா நான் தவியாய்த் தவித்தேன்? நீ கோட்டைப் போட்டு என்னையும் அத்தானையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாய். யாருக்காக இந்தக் கோடு? தெரியாத குழந்தைக்காக. தெரிந்த அத்தானுக்காக என்ன செய்தாய்? மைக் வண்டி வருமாம். வந்து "மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்க" என்று கத்தும். அத்தானை யார் தூக்குவது, மைக்கா?

மகள் வீட்டில் போய் இருக்கலாமே என்று நீ கேட்பாய். அவர்கள் இருப்பது இரண்டே அறை. மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் ஒரு வீடு பிடிக்க வேண்டும் என்றால் இந்த வீடு விற்றாக வேண்டும். எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

அத்தானைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வானம் இருட்டினாலே செருப்பை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். நடக்க முடியாத மனிதருக்குச் செருப்பு எதற்கு என்று நான் கேட்பதில்லை. வைத்துவிடுகிறேன். மழை விடும் வரை அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நேற்று வெறும் தூறல்தான், அதற்கே போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டார். நல்ல கை ஒன்றுதான், அது வலிக்கும் வரை பிடித்திருந்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பெரிய இன்ஜினியருக்கு ஒரு வரி எழுது. எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது, அது இரண்டாவது பொத்தான் இல்லை, கடைசிப் பொத்தான் என்று எழுது. அந்த அளவு என்றால் தெரு கோட்டுக்குள் வராதாம், விசாரித்துவிட்டேன். ஓர் ஆளைச் சுமந்துகொண்டு வெள்ளத்தில் போனவனுக்கு எந்தப் பொத்தான் என்று குழம்பிவிட்டது என்றால் யாரும் நம்புவார்கள். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பொத்தான் விஷயம்டா.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

எழுத முடியாது. சுற்றி வளைத்து எழுதினாலும் அதையேதான் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. அன்று நீ அத்தானின் மாத்திரை அட்டையை என் சட்டைப்பையில் திணித்தாய், ஞாபகம் இருக்கிறதா? கூடத்தைத் தாண்டும்போதே பை முழுகிவிட்டது. அட்டையை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டேன். அதன்பின் கைகள் இரண்டும் அத்தானின் தொடையைப் பிடித்திருந்ததால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடந்தேன், இன்னும் கொஞ்சம் ஏறினால் என்ன செய்வது என்று. அது இரண்டாவது பொத்தானில் நின்றது. பயத்தில் பார்த்தது மறக்காது அக்கா.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அத்தானைப் பற்றிக் கேட்காதது தப்புதான். கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் தொட்டியில் ஏறவில்லை. வயர்லெஸ்காரர் காய்ச்சலா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தலைமை ஆபீஸ் பக்கத்தில் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் பூட்டித்தான் கிடக்கிறது. மழைக்காலம் முடியும் வரை நீயும் அத்தானும் அங்கே வந்து இருங்கள். சாவியை ஜீப் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதற்குள் வேறு வழி யோசிக்கலாம்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

சாவி வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது, அங்கே லிஃப்ட் கிடையாது. தண்ணீர் எந்தப் பொத்தானில் நின்றது என்று நினைவிருக்கிறது, சொந்த வீடு எத்தனையாவது மாடி என்று நினைவில்லை.

முடியாது என்று எழுதிவிட்டாய். சரி. உன்னால் முடியாததை நீ செய்யவில்லை. என்னால் முடிந்ததை நான் செய்துகொள்கிறேன். அப்புறம் என்னை ஒன்றும் கேட்காதே.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்கத்தான் போகிறேன்.

என்னை முகாமில் இருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது தலைமை ஆபீஸ் இருக்கும் ஊரில்தான் இருக்கிறேன், நான்கு கோடும் சிக்னல் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன், அப்புறம் அள்ள முடியாது.

போன வாரம் பெரிய இன்ஜினியர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு காகிதத்தைத் தள்ளினார். உன் மனு. "மேற்படி நபர் என் உடன்பிறந்த தம்பி ஆவார். குடும்பச் சொத்துத் தகராறு காரணமாக என்மீது வஞ்சம் கொண்டு, என் வீட்டில் இல்லாத வெள்ளக்குறியை இருப்பதாகக் காட்டியுள்ளார். வெள்ள நீர் வாசற்படியோடு நின்றுவிட்டது." கீழே உன் கையெழுத்து. நீ பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே, கடைசி எழுத்துக்கு வால் நீட்டி.

'மேற்படி' என்றெல்லாம் உனக்கு எழுத வராது. அது ஆற்றங்கரை லாட்ஜ்காரரின் குமாஸ்தா எழுதியது என்று ஆபீஸில் பியூனுக்குக்கூடத் தெரியும். உங்கள் தெருப் பக்கம் அவர் எழுப்பும் புதுக்கட்டடமும் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. மாதக்கணக்கில் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார், உன்னைப் பிடித்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியவர். "செவுத்துல கறை இல்ல. ஒரே சாட்சி நீங்க. அதுவும் சொந்தக்காரங்க வீடு. இப்ப அந்த வீட்டம்மாவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் எதை வெச்சு அந்தக் குறியக் காப்பாத்துறது?"

"அவங்க பொய் சொல்றாங்க சார்" என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. என் அக்கா பொய்க்காரி என்று அந்த அறையில் நின்று சொல்ல என்னால் முடியவில்லை. "நான் நின்னேன் சார்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

என் குறியை அடித்துவிட்டார்கள். கோடு பழையபடி தெருமுனைக்கே போய்விட்டது. லாட்ஜ்காரரின் கட்டடமும் தப்பித்தது. பொய்க்குறி கொடுத்தவன் என்று எனக்கு ஒரு மெமோ, கிடங்கில் ஒரு நாற்காலி. துருப்பிடித்த அளவுப் பலகைகளுக்கு நான் காவல். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் இனி நானும் உங்களைப் போலப் பாலத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இது எனக்குப் பெரிதில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பெரிதுதான். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, அது ஒன்றுதான் தெரியும். அதில் பொய்யன் என்று எழுதிவிட்டார்கள், எழுதியது நீ.

வாசற்படித் தண்ணீரில் எதற்கு அக்கா படகு? முழங்கால்கூட நனையாத தண்ணீரில் நான் எதற்கு அத்தானைச் சுமந்தேன், விளையாட்டுக்கா? அத்தான் இதைப் படித்தாரா? மழை ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவையும் மைக் வண்டி முனையோடு திரும்பும். அதையும் நினைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா?

தம்பி


ஜூலை 27

தம்பிக்கு,

இதை மகள் ஊரில் இருந்து எழுதுகிறேன். வீடு விற்றுவிட்டது. இங்கே ஒரு சந்துக்குள் கீழ்வீடு கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான், ஆனால் காய்ந்த சுவர்.

ஆமாம், நான்தான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்தான். வீட்டிலேயே உட்கார வைத்துப் படித்துப் பார்த்தேன். சொத்துத் தகராறு என்பதை எடுத்துவிடு, எங்களுக்குள் அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். "காரணம் இல்லாம ஒரு தம்பி எதுக்கும்மா அக்கா மேல பொய் சொல்லுவான்? காரணம் இருந்தாத்தான் நம்புவாங்க" என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. போட்டுவிட்டேன். உன் வேலையில் கைவைப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று எழுதலாம். நினைத்தேன். இருந்தும் போட்டேன்.

அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீயும் எனக்குத் தெரியாமல் குறி வைக்கவில்லை, நான் பார்க்கப் பார்க்கத்தான் வைத்தாய்.

வாங்கியவர்கள் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். பேசி முடித்துக் கிளம்பும்போது அவள் மட்டும் திரும்பி வந்து, "அக்கா, ஆத்துத் தண்ணி எப்பவாச்சும் உள்ள வந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். சின்னப்பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சும்மா. உள்ள வரல" என்றேன். உன் முதுகு சாய்ந்த அதே சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். வாய் குழறவில்லை. நீயே கேட்டிருந்தாலும் நம்பியிருப்பாய்.

ஊரை விட்டுக் கிளம்பிப் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, அத்தானுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்ச் சட்டையெல்லாம் கொட்டிவிட்டேன். பஸ் குலுங்கியதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு மனு விஷயம் எதுவும் தெரியாது. தெரிந்தால் என் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அவருக்கு நீ தம்பி இல்லை, மூத்த மகன் மாதிரி. "அவன் எங்க, ஏன் வரல" என்று குழறிக் குழறித் தினமும் கேட்கிறார். மலையில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்கிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

இங்கே வந்ததில் இருந்து மழை பெய்தால் தூங்குகிறார். குறட்டை விட்டுத் தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்காக இன்னொரு மனு என்றாலும் கையெழுத்துப் போடுவேன். நீ உன் நியாயத்தோடு இரு. நான் இவரோடு இருக்கிறேன்.

தையல்காரர் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கால் பரபரக்கும். போய்ச் சொல்லிக்கொள். பத்திரம் பதிவாகிவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

போனேன். நீ நினைத்த மாதிரியே கால் பரபரத்தது.

வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தையல்காரர் கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் மெஷின் போட்டு அந்த அம்மா பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெட்டுத்துணியில் பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. "உங்ககிட்ட ஒரு உண்மைய மறைச்சிட்டாங்க. போன வருஷம் தண்ணி இந்தக் கூடத்துக்குள்ள வந்துச்சு. என் நெஞ்சு வரைக்கும்" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும் சார்" என்றாள்.

எதிர்வீட்டம்மா, அவர்கள் வீடு பார்க்க வந்த முதல் நாளே சொல்லிவிட்டாளாம். "தெரிஞ்சதாலதான சார் அந்த விலைக்குக் கேட்டோம்? உங்க அக்காவும் பேசாம குடுத்துட்டாங்க. இல்லன்னா எங்களுக்கெல்லாம் சொந்த வீடு எங்க கெடைக்கும்? வருசத்துல கொஞ்ச நாளுதான தண்ணி, மத்த நாளெல்லாம் வீடுதான?"

அப்புறம் எதற்கு என் அக்காவிடம் கேட்டீர்கள் என்றேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சும்மாதான் சார் கேட்டேன். வரலன்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொன்னா மனசுக்குத் தெம்பா இருக்கும்ல. அவங்க சொன்ன விதத்துல, நெசமாவே வரலையோன்னு எனக்கே தோணிடுச்சு" என்றாள்.

ஒரே ஒரு பொத்தானுக்காக நான் ஆற்று வேலையை இழந்தேன், நீ வாய் கூசாமல் பொய் சொன்னாய். அந்த அம்மாவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. குறைந்த விலைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது.

இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். மைக் வண்டி தெருவுக்குள் வராது, அதை நம்பி இருக்காதீர்கள் என்றேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று வாசலில் நின்று காட்டினேன். முகாமில் இருக்கும் வயர்லெஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆறு ஏறினால் ஆபீஸுக்குச் சொல்லும் முன்பே கிடங்குக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும், கிடங்கில் இடம் இருக்கிறது.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தாள். "அக்காகிட்ட சொல்லிடுங்க சார், எங்களுக்கு அவங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. முடியாத மனுசன வெச்சிக்கிட்டு அவங்களும் என்னதான் பண்ணுவாங்க?" என்றாள். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

அவர்கள் மன்னித்துவிட்டார்கள். என்னை அதில் சேர்த்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது, ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

மனுவைப் பற்றி அத்தானிடம் சொல்ல மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஆனால் நான் அங்கே வந்தால் அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன்டா வரவில்லை, இப்போது எங்கே வேலை, ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவேன். எனக்குப் பொய் வராது என்று உனக்கே தெரியும். அதனால் நான் அங்கே வரப்போவதில்லை. இன்னும் மலையில்தான் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிரு.

தம்பி